தலைமுடி அளவு நூல்... தாங்குவது ஒரு விமானத்தை!

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு போகிறவர்களுக்கு மல்லசமுத்திரம் நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தம், இன்னொரு பக்கம் கூட்டுறவு சங்கத்தில் ஏலத்துக்கு இறங்கும் பருத்தி மூட்டைகள், ரோட்டில் லாரிகளும் ரிக் வண்டிகளும். இந்த ஊருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் காமலாபுரம் விமான நிலையத்தைத்தான் கை காட்டுவார்கள்.

ஆனால், நூறு வருஷத்துக்கு முந்தைய விமானம் ஒன்றைப் பிரித்துப் போட்டால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? மரச்சட்டம், நெய்த துணி, இழுத்துக் கட்டிய கம்பி. இன்ஜினை விட்டுவிட்டால் பெரும்பகுதி அவ்வளவுதான். மூன்றுமே இந்தப் பக்கத்துக் கைகளுக்குப் பழக்கமானவை. அந்தக் கால விமானத்தைச் சின்ன அளவில், ஒரு கிட் வாங்கி வீட்டுத் திண்ணையிலேயே கட்டிப் பார்க்கலாம். அதற்குத் தேவையான முக்கியமான வித்தை, தறி ஓட்டுகிற வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டாயிற்று. ஒன்பதாம் வகுப்பு எழுதிய பேத்திக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மேலே மஞ்சள் விமானத்தின் படம். உள்ளே சட்டத்தோடு ஒட்டியபடி சாம்பல் நிற பிளாஸ்டிக் பாகங்கள், ஸ்டிக்கர் போன்ற ஒரு தாள், படம் போட்ட விளக்கக் குறிப்பு. தறியை நிறுத்திவிட்டு வந்த தாத்தா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“இதென்ன கண்ணு, ரெக்க மேல ரெக்க வெச்சிருக்கு?”

“இது பைப்ளேன் அப்பாரு. அந்தக் காலத்து ஏரோப்ளேன்.”

“சரி சாமி, நடுவுல கம்பியா ஓடுதே, அதெதுக்கு?”

பேத்தியிடம் பதில் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாலும் கம்பி இல்லை. இந்த அளவிலான கிட்களில் பெரும்பாலும் அப்படித்தான். கம்பி எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று படம் மட்டும் இருக்கும். நூலை நாமே தேடிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்பாரு கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் நூல் கட்டினால் அது வெறும் அலங்காரமாகத்தான் இருக்கும்.

மாடி வைத்த இறக்கை

1903 டிசம்பர் 17-ம் தேதி அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்துக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி தூரம். அந்த இறக்கைகளின் மேல் இழுத்துப் போர்த்தியிருந்தது மெல்லிய பருத்தித் துணி.

அந்தக் காலத்து இன்ஜின்களுக்குச் சக்தி குறைவு. மெதுவாகப் போகும் விமானத்தைக் காற்றில் தூக்கி நிறுத்தப் பெரிய பரப்புள்ள இறக்கை வேண்டும். ஒரே இறக்கையை நீளமாகச் செய்தால், மரச்சட்டம் முருங்கைக் கிளை மாதிரி முறிந்துவிடும். முறியாதபடி கனமாகச் செய்தால் இன்ஜினால் தூக்க முடியாது.

இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர், ரயில் பாலம் கட்டிப் பழகிய பொறியாளர் ஆக்டேவ் சனூட். பாலத்தின் பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் தூண்களையும் குறுக்காக ஓடும் கம்பிகளையும் பார்த்திருப்போம். அதே அமைப்பை 1896-ல் தன் இன்ஜின் இல்லாத கிளைடரில் கொண்டுவந்தார். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் குச்சிகள், குறுக்கே கம்பிகள். ரைட் சகோதரர்களும் இதே வழியில் போனார்கள். இரண்டு மெல்லிய இறக்கைகள் சேர்ந்து ஒரு பாலத்தின் பலத்தைப் பெற்றன.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு அட்டைத் துண்டுகள். நான்கு மூலையிலும் ஒரே உயரத்தில் ஐஸ் குச்சி வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக ஒட்டுங்கள். காய்ந்த பிறகு மேல் அட்டையைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் மொத்தமும் சாய்ந்து ஆடும். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை, பெருக்கல் குறி மாதிரி தையல் நூலை இழுத்துக் கட்டுங்கள். மறுபடி தள்ளிப் பாருங்கள். பெட்டி அசையாது. சேர்த்த எடை ஒரு முழ நூல், அவ்வளவுதான்.

நூலால் இழுக்க முடியும், தள்ள முடியாது. அதனால்தான் அது ஜோடியாக வர வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு நூல் இழுத்துப் பிடிக்கும், அந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொன்று.

தரையில் ஒரு கம்பி, வானத்தில் ஒரு கம்பி

விமானம் தரையில் நிற்கும்போது இறக்கைகள் தம் எடையால் கீழே தொங்கப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொள்வது, நடு உடலுக்கு மேலிருந்து கிளம்பி வெளிப்புறமாகக் கீழ் இறக்கைக்கு இறங்கும் கம்பி. இதை ‘லேண்டிங் வயர்’ என்பார்கள்.

வானத்தில் ஏறியதும் கதை தலைகீழ். காற்று இறக்கைகளை மேலே தூக்குகிறது. நடுவில் இன்ஜினும் ஆட்களும் கீழே இழுக்கிறார்கள். அப்போது இறக்கைகள் மேல்நோக்கி மடியாமல் பிடித்துக்கொள்வது, உடலின் அடியிலிருந்து கிளம்பி வெளிப்புறமாக மேல் இறக்கைக்கு ஏறும் கம்பி. இதன் பெயர் ‘ஃப்ளையிங் வயர்’. பறக்கும்போதுதான் பாரம் அதிகம் என்பதால், பல விமானங்களில் இந்தக் கம்பி மட்டும் இரட்டையாக இருக்கும்.

மின்கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் ஸ்டே கம்பியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கம்பியை முறுக்கி இறுக்க ஒரு திருகு இருக்கும். பழைய விமானக் கம்பிகளிலும் அப்படி இறுக்கும் திருகுகள் உண்டு.

வண்டி கட்டியவர்கள் கட்டிய விமானம்

ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகாத நிலையில், 1910 மார்ச்சில் சென்னையிலேயே ஓர் இரட்டை இறக்கை விமானம் பறந்தது. பறக்கவிட்டவர், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர். அதற்கு முந்தைய ஆண்டு, 1909 ஜூலை 25-ம் தேதி, பிரான்ஸின் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். உலகமே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஹோட்டல்காரருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

வடிவமைப்பு அவருடையது. அதைச் செய்துகொடுத்தது சென்னையின் சிம்ப்சன் நிறுவனம். 1840-ல் தொடங்கிய சிம்ப்சன், குதிரை வண்டிகளும் கோச் வண்டிகளும் கட்டிப் பெயர் வாங்கிய பட்டறை. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்த பிறகு, கட்டணம் வைத்து மக்கள் முன்னாலும் பறந்து காட்டினார் டி ஏஞ்சலிஸ்.

வண்டி கட்டுகிறவர்களிடம் விமானம் போனது வியப்பில்லை. இறக்கைக்கு வேண்டியது, எடை குறைந்த உறுதியான மரச்சட்டம், சரியான இணைப்பு, இழுத்துப் போர்த்திய துணி. இதெல்லாம் தெரிந்தவர்கள் கோச் கட்டுகிறவர்கள்தான். இன்று லாரிக்கு பாடி கட்டுவதில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் நாடறிந்த பெயர்கள். சட்டம் அடிப்பது, மூலை பிடிப்பது, கோணல் பார்ப்பது என்று அந்தப் பட்டறைகளில் நடக்கும் வேலைக்கு 1910-ல் விமானத்திலும் இடம் இருந்திருக்கிறது.

துணிக்கும் அப்படி ஒரு கதை உண்டு. இறக்கைமேல் துணியைப் போர்த்திய பிறகு ‘டோப்’ என்ற பசை போன்ற கரைசலைப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி விறைப்பாகிவிடும். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவதற்கு அது தூரத்துச் சொந்தம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் கட்டிய மஸ்கிட்டோ என்ற மர விமானத்துக்குப் போர்த்திய பருத்தித் துணியின் பெயர் ‘மடபொலம்’. ஆந்திராவில் நரசாபுரம் அருகே கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலை இருந்த மாதவாயபாலெம் என்ற ஊரின் பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்தது. நம் பக்கத்து நெசவூர் ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த விமானம் பறந்திருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு புலி

பேத்தியின் பெட்டியில் இருப்பது அதே டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ‘டைகர் மாத்’. 1931 அக்டோபர் 26-ம் தேதி முதன்முதலில் பறந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். எட்டாயிரத்துக்கும் மேல் தயாரானது. பறக்கக் கற்ற ஒரு தலைமுறை முழுக்க இதில்தான் கற்றது என்று சொன்னாலும் தப்பில்லை. இந்திய விமானப் படையிலும் பயிற்சிக்கு இருந்தது. பழுது பார்த்து உயிர் கொடுத்த டைகர் மாத் ஒன்று, 2012-ல் ஹிண்டனில் நடந்த விமானப் படை நாள் விழாவில் மறுபடி பறந்து காட்டியது.

இந்திய விமானப் படையே இரட்டை இறக்கையில்தான் பிறந்தது. 1933 ஏப்ரல் 1-ம் தேதி கராச்சியில் தொடங்கிய அதன் முதல் படைப்பிரிவிடம் இருந்தவை நான்கு ‘வாபிட்டி’ விமானங்கள். அவையும் பைப்ளேன்களே. 1936-ல் லாகூரில் சேலை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டிய சர்லா தக்ரால் ஏறியது, டைகர் மாத்தின் அக்கா என்று சொல்லத்தக்க ஜிப்ஸி மாத். அப்போது அவருக்கு வயது 21.

டைகர் மாத்தின் இறக்கைகளைக் கவனித்தால் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அதற்கும் காரணம் உண்டு. முன் இருக்கையைச் சுற்றி மேல் இறக்கையைத் தாங்கும் குச்சிகள் நின்றால், ஆபத்தில் பாராசூட்டோடு வெளியே குதிக்க முடியாது. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னுக்குத் தள்ளினார்கள். தள்ளியதும் விமானத்தின் சமநிலை கெட்டது. அதைச் சரிக்கட்ட, இறக்கைகளைப் பின்னுக்குச் சாய்த்தார்கள். கிட்டில் அந்தச் சாய்வை ‘கோணலாக இருக்கிறதே’ என்று நிமிர்த்திவிடக் கூடாது.

நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 8.94 மீட்டர். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கிட்டில் 72-ல் ஒரு பங்கு அளவு ஒன்று, 48-ல் ஒரு பங்கு அளவு ஒன்று என இரண்டு உண்டு. சின்னதில் இறக்கை சுமார் 12.4 சென்டிமீட்டர். ஒரு பேனாவைவிடக் குட்டை. பெரியதில் சுமார் 18.6 சென்டிமீட்டர். முதல்முறை நூல் கட்டுகிறவர்களுக்குப் பெரியது சுலபம்.

ஒட்டுவதற்கு முன்னால்...

பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. நல்ல வரிசை இதுதான்.

முதலில் பாகங்களைச் சட்டத்தோடே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதாக வருவதற்குத் தடவிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் ஒட்டாது. அடுத்து, பாகங்களைப் பசையில்லாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். எது எங்கே உட்கார்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும்.

நூல் போகும் துளைகளை இறக்கை ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஒட்டிய பிறகு நடுவில் கை நுழையாது. விரலால் சுழற்றும் ‘பின் வைஸ்’ என்ற சின்னக் கருவியில் 0.3 மில்லிமீட்டர் ஊசியை மாட்டித் துளைப்பார்கள். மேல் இறக்கையில் பாதி ஆழம் போதும். மறுபக்கம் வந்துவிட்டால் விமானத்தின் முதுகில் ஓட்டை தெரியும். கீழ் இறக்கையில் முழுக்கத் துளைக்கலாம். நூலை அடிவழியாக இழுக்க அது உதவும்.

பெயின்டும் அப்படியே. மேல் இறக்கையின் அடிப்பக்கம், கீழ் இறக்கையின் மேல்பக்கம், குச்சிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக அடித்து முடித்துவிட்டே ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் பசை இரண்டு பக்கத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்குவதால், நடுவில் பெயின்ட் இருந்தால் பிடிப்பு கிடைக்காது.

மேல் இறக்கையை ஏற்றுவதுதான் பலர் கைவிடும் இடம். ஒரு கையில் நாலு குச்சி, இன்னொரு கையில் இறக்கை, பசை வைக்க மூன்றாவது கை இல்லை. தீர்வு, தெர்மாகோல். மேல் இறக்கையைக் கவிழ்த்துத் தெர்மாகோல் துண்டில் படுக்கவைத்து, உடலைத் தலைகீழாக அதன்மேல் இறக்கி, தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்து நிறுத்திவிடலாம். நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தொடாமல் விட வேண்டும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கையில் இருக்கும் செல்போனே போதும். கேமராவில் கட்டம் தெரியும்படி வைத்துக்கொண்டு, விமானத்தின் நேர் முன்னால் தாழ்வாகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் சாய்வும் படத்தில் பளிச்சென்று தெரியும்.

நூல் கட்டும் நாள்

எந்த நூல்? நிஜக் கம்பி சுமார் 6 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 72-ல் ஒரு பங்கு என்பது 0.08 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி அளவு. சாதாரணத் தையல் நூல் இதற்குத் தடிமன். கிட்டப் பார்த்தால் பிசிறும் தெரியும்.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மெல்லிய நைலான் மீன்பிடி இழை. உறுதியானது, பளபளப்பானது. இரண்டு, கிட்டின் சட்டத்திலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் கிடைக்கும் இழை. செலவே இல்லை. ஆனால், தொட்டால் ஒடியும். மூன்று, பின்னலாடைகளில் ஓடும் லைக்ரா போன்ற எலாஸ்டிக் இழை. கொஞ்சம் குட்டையாக வெட்டி, நீட்டி ஒட்டினால் தானே விறைப்பாக நிற்கும். கை பட்டாலும் அறுகாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் தோழன்.

கட்டும் வரிசை உள்ளிருந்து வெளியே. நடு உடலுக்குப் பக்கத்தில் இருப்பவை முதலில், ஓரத்தில் இருப்பவை கடைசியில். இல்லையென்றால் கட்டிய நூலே அடுத்த நூலுக்குத் தடையாக நிற்கும். உடனே ஒட்டும் சூப்பர் குளூவை ஊசி முனையில் தொட்டு, ஒரு புள்ளி வைத்தால் போதும். அதிகமானால் பெயின்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். விரலும் விரலும் ஒட்டிக்கொள்ளும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் இந்தக் கட்டத்திலும் பிளேடு பிடிக்கும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

நாம் கற்பனை செய்த வீட்டில் பேத்தி எடுத்தது மீன்பிடி இழை. இடது பக்க ஃப்ளையிங் வயரை, தொய்வே இருக்கக் கூடாதென்று பலம்கொண்ட மட்டும் இழுத்து ஒட்டினாள். மறுநாள் காலையில் வலது பக்கம் கட்ட உட்கார்ந்தபோது, முன்னாலிருந்து எடுத்த படத்தில் இடது மேல் இறக்கை வளைந்து தாழ்ந்திருந்தது. பத்து நாள் வேலை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

தறியிலிருந்து எழுந்து வந்த அப்பாரு, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஒரு பக்கம் பாவு இறுக்கம், ஒரு பக்கம் தொய்வுன்னா துணி எப்படி அம்மிணி நேரா வரும்?”

“இழுத்துக் கட்டணும்னு போட்டிருந்துச்சே அப்பாரு...”

“இழுக்கறது பெருசில்ல கண்ணு. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இழுக்கணும்.”

அந்த நூலை வெட்டிவிட வேண்டியதாயிற்று. பசை அடைத்த துளையை மறுபடி ஊசியால் திறந்தாள். ஒரு நாள் முழுக்க இறக்கையைச் சும்மா விட்டாள். முறிவு இல்லாததால் பிளாஸ்டிக் தன் நிலைக்குத் திரும்பியது. இந்த முறை இடதும் வலதும் ஜோடி ஜோடியாக, கைக்கு விறைப்பு தெரிகிற அளவு மட்டும் இழுத்து ஒட்டினாள். இரண்டு நூல் லேசாகத் தொய்ந்திருந்தன. அதற்கு அம்மா பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி கொண்டுவந்தார். நைலான் இழைக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு நொடி மட்டும் கங்கைக் காட்டி எடுத்தால் சூட்டில் இழை சுருங்கி நேராகிவிடும். அதிகம் காட்டினால் அறுந்துவிடும், இறக்கைக்கு அருகில் போனால் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பாவு பிணைப்பவர்களின் விரலைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான இழைகளில் எது தொய்வு, எது இறுக்கம் என்று தடவியே சொல்லிவிடுவார்கள். கிட் பெட்டியில் வராத கருவி அது.

உயிரைக் கட்டிய கைகள்

நிஜ விமானத்தில் இந்த வேலைக்கென்றே ஆள் இருந்தார். பெயர் ‘ரிக்கர்’. இன்ஜினைப் பார்ப்பவர் ‘ஃபிட்டர்’. இறக்கை, துணி, கம்பி எல்லாம் ரிக்கரின் பொறுப்பு. ஒவ்வொரு கம்பியின் விறைப்பையும் பார்த்து, இறக்கையின் கோணத்தை அளந்து, திருகைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திருகிச் சமன் செய்வார். ஒரு பக்கம் இறுகினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். விமானம் எப்போதும் ஒரு பக்கமாகவே சாயும். பேத்திக்குத் திண்ணையில் நடந்தது, போர்க்களத்தில் நடந்தால் விமானிக்கு ஆபத்து.

முதல் உலகப் போரில் அப்படிக் கம்பி கட்டிய விமானத்தில் பறந்தவர் கொல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய். பிரிட்டிஷ் விமானப் படையின் 40-வது படைப்பிரிவில் ‘எஸ்.ஈ.5ஏ’ என்ற இரட்டை இறக்கை விமானம் ஓட்டினார். முன்பு ஒருமுறை விபத்தில் அடிபட்டுப் பறக்க முடியாமல் இருந்த நாட்களில், விமானங்களைப் படம் படமாக வரைந்து தள்ளினார். அந்த ஓவியங்கள் பல இன்றும் இருக்கின்றன. மறுபடி பறக்க அனுமதி கிடைத்து, 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வான்சண்டைகளில் வென்றார். ஜூலை 22-ம் தேதி பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 19. கல்லூரி முதல் வருஷம் போகும் வயது. 1998-ல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. அவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ-வுக்கும் கிட்கள் கிடைக்கின்றன. அதற்கு நூல் கட்டுகிறவர்கள் இந்தப் பெயரையும் தெரிந்துகொண்டு கட்டலாம்.

பைப்ளேன் காலத்து ஆட்கள் ஒரு வேடிக்கை சொல்வதுண்டு. எல்லாக் கம்பியும் சரியாகக் கட்டியாயிற்றா என்று பார்க்க, இரண்டு இறக்கைக்கும் நடுவில் ஒரு பறவையை விட வேண்டுமாம். அது வெளியே தப்பிவிட்டால் எங்கேயோ ஒரு கம்பி விட்டுப்போயிற்று என்று அர்த்தம்!

இன்ஜின்கள் பலமாகி, உலோக இறக்கைகள் வந்ததும் கம்பிகளின் காலம் முடிந்தது. காற்றில் ஒவ்வொரு கம்பியும் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் வேகம் வேண்டியபோது முதலில் கழற்றி எறிந்தது அவற்றைத்தான்.

கிட் இல்லாவிட்டாலும்...

வெளிநாட்டு கிட்கள் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் இருப்பதில்லை. அதனால் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ஈர்க்குச்சியும் கல்யாணப் பத்திரிகை அட்டையும் தறியில் மிஞ்சிய நூலும் இருந்தால், இரட்டை இறக்கையின் பாடம் முழுவதையும் கற்றுக்கொள்ளலாம். பறக்காவிட்டாலும், ஏன் நிற்கிறது என்று கைக்குப் புரியும். அதில் பழகிவிட்டு கிட்டுக்குப் போகிறவர்கள் பாகங்களை வீணாக்குவதும் குறைவு.

கற்பனை வீட்டில், பதினைந்தாம் நாள் சாயங்காலம் மஞ்சள் விமானம் டிவி ஸ்டாண்டின் மேல் ஏறியது. அம்மா படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினார். பேத்தி அந்தப் பறவைக் கதையைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாரு மட்டும் சிரிக்காமல் கிட்டப் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு நூலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வலது பக்கம் வந்ததும் நின்றார்.

“அம்மிணி, உன்ற குருவி இந்த வழியாத் தப்பிச்சுப் போயிருச்சே.”

பேத்தி ஓடிவந்து குனிந்து பார்த்தாள். பின்பக்க நூல் ஒன்று விட்டுப்போயிருந்தது.

ஊசியும் இழையும் மறுபடி மேஜைக்கு வந்தன.